எட்டுக் கம்ப்யூட்டரும் என் கைராசியும்

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் எழுதியது பிழைப் பட்டியல்கள்தான். அவற்றை யாரும் ஆசைப்பட்டுப் படித்ததாக ஞாபகம் இல்லை. இதையும் ஒரு பிழைப் பட்டியலாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இதிலுள்ள பிழைகள் நிரலாளர் செய்தவை அல்ல. பெரும்பாலும் நான் செய்தவை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மதுரையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையும் அதில் நாலு பேருமாக இருந்தோம். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாதவர்களுக்காக, பழைய கம்ப்யூட்டரிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிற மாதிரி விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸில் இலேசான ஒரு வகையைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். அதன் இன்ஸ்டாலரை, அதாவது சிடியிலிருந்து அதை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் குடிவைக்கும் நிரலை, சோதிப்பது என் வேலை. கப்பலூர் தொழிற்பேட்டையில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவேன். பதினொன்று தேறியிருந்தன. ஒன்றைத் திறந்தால் ரப்பர் தூள் கொட்டும். இன்னொன்றில் பல்லி முட்டையிட்டிருந்தது. "இதுகள்ல ஓடிருச்சுன்னா எதுலயும் ஓடும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். நம் தொழிலில் இதைவிட ஆபத்தான வாக்கியத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

இன்ஸ்டாலரோடு கொடுக்கும் எட்டுப் பக்கக் கையேடும் என் கைவண்ணம்தான். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'வேலை முடியும்வரை கீபோர்டையோ மவுஸையோ தொடாதீர்கள்.' பொறுமையில்லாமல் எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவார்கள் என்று பயம். பொதுமக்களைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பத்தாவது வரை பெண்கள் அங்கே படித்துவிட்டு, பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் பாடம் வேண்டுமென்றால் மதுரைக்குப் பஸ் ஏறவேண்டும். பாதி வீடுகளில் பஸ் ஏற விடமாட்டார்கள். பள்ளியிலேயே அந்தப் பாடப்பிரிவு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். நேரில் வந்து பார்க்கும் அதிகாரி முன்னால் எட்டுக் கம்ப்யூட்டர்கள் ஓடவேண்டும். ஓடினால் அனுமதி. இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்குள் இந்த வருஷத்துப் பெண்கள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

எட்டுக் கம்ப்யூட்டர்களை யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்திருந்தார். எட்டும் வைரஸ் பிடித்துத் தள்ளாடின. அங்கே கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவர் மதுரைக்காரர், சௌராஷ்டிரக் குடும்பம். தினமும் பஸ்ஸில் போய் வருவார். தற்காலிக வேலை. பாடப்பிரிவு வந்தால்தான் அவருக்கும் வேலை நிலைக்கும். கோபம் வந்தால் வாய்க்குள்ளேயே வீட்டு மொழிக்குப் போய்விடுவார். அது எனக்குப் புரியாதது எங்கள் நட்புக்குப் பெரிய பாதுகாப்பு.

எட்டிலும் எங்கள் லினக்ஸைப் போட்டுவிடுங்கள் என்று நான்தான் அவரைக் கரைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சார், இருக்கறத அழிச்சிட்டுத்தானே ஏத்தணும்? நடுவுல நின்னுருச்சுன்னா?"

"பதினோரு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்திருக்கேன் டீச்சர். நிக்காது."

அதோடு விட்டேனா? புதிய பதிப்பு இன்னும் நாலு நாளில் வந்துவிடும், அதையே போடலாம் என்று இழுத்தேன். சிடிகள் அவர் கைக்குக் கிடைத்தது ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆய்வு மறுநாள் பகல் இரண்டு மணிக்கு.

மறுநாள் காலை பத்தரைக்கு மருந்துக் கடைக்காரர் கீழேயிருந்து கத்தினார், எனக்குப் போன் என்று. இறங்கிப்போய் எடுத்தேன்.

"சார், நின்னுருச்சு."

"எது டீச்சர்?"

"எட்டும்."

ஒன்று நின்றால் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டலாம். எட்டு நின்றால் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த இடத்துல?"

"எல்லாம் ஒரே இடம். 'இறுதி அமைப்புகள்', தொண்ணூத்தி நாலு சதவீதம். அரைமணி நேரமா அப்படியே கிடக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எதிர்முனையில் ஒருவர் பதறும்போது, தெரியாது என்று சொல்ல நம் நாக்கு வராது. ஏதாவது ஒரு கட்டளை போட்டால்தான் நாம் நிபுணர் என்று நமக்கே நம்பிக்கை வரும்.

"எட்டையும் அணைச்சிட்டு மொதல்லேருந்து ஆரம்பிங்க. நான் இந்தா கிளம்பி வாரேன்."

"எட்டையுமா?"

"எட்டையும்தான்."

எதிர்முனையில் சௌராஷ்டிர மொழியில் இரண்டு வார்த்தை கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

மேலே ஓடிப்போய் உதிரி சிடிகளைப் பொறுக்கினேன். "சிடி சரியில்ல போல மாப்ள" என்றேன், எங்கள் நிரலாளனிடம்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எட்டு சிடியும் பேசிவச்சு ஒரே எடத்துலயா நிக்கும்?"

பதில் சொல்ல நேரமில்லை என்பதுபோல் அவனுடைய பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உண்மையில் நேரம் இருந்தது. பதில்தான் இல்லை.

நான் போய்ச் சேரும்போது பதினொன்றேகால். கம்ப்யூட்டர் அறை முன்னால் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரு பத்தாவது வகுப்புப் பெண், கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சையில் கேள்வித்தாளுக்குக் காத்திருப்பது போல. மேஜையில் என் கையேடு மூன்றாம் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. எட்டுத் திரையிலும் தொண்ணூற்று நாலு.

"அணைக்கலையா டீச்சர்?"

"அணைக்கல."

"நான்தான் போன்ல..."

"சொன்னீங்க. ஏற ஒன்றரை மணி நேரம் ஆகுது. மறுபடியும் இதே எடத்துல வந்து நின்னா மணி பன்னெண்டாயிரும், கையில ஒண்ணும் இருக்காது. ஏன் நிக்குதுன்னு நீங்க வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்லட்டும்னு விட்டுவச்சேன்."

இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அவர் பத்தரை மணிக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்வதற்கு நல்ல செய்தி எதுவும் இருந்திருக்காது.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்தும் என் சிடிக் கட்சியை விட மனசில்லை. கடைசி வரிசையில் எட்டாம் நம்பரை அணைக்கப் போனேன்.

"ஒண்ணு போதும் சார்" என்றார் டீச்சர். குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் ஏழாம் நம்பருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

எட்டை அணைத்து, கொண்டுபோன சிடியைப் போட்டு ஆரம்பத்திலிருந்து ஓட விட்டேன். பிறகு ஒன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து திரையை முறைத்தேன். எதிலெல்லாம் தப்பு இருக்கலாம் என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். நினைவகம், ஹார்ட் டிஸ்க், கரண்ட். அரை நிமிஷம் போயிருக்கும். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து ஆனது. பிறகு மடமடவென்று நூறு. 'நிறைவுற்றது.'

பெண்கள் கை தட்டினார்கள். வாசலில் தலைமை ஆசிரியர் நின்றிருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர். காலையிலேயே எட்டுக் கம்ப்யூட்டருக்கும் அவரே விபூதி பூசியிருந்தார்.

"பாத்தியளா டீச்சர்! ராசியான கை சார் உங்களுக்கு. அடுத்ததுல உக்காருங்க."

இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தேன். என்னமோ யோசித்தேன். அதுவும் ஓடி முடிந்தது.

உடனே ஒரு கொள்கை கண்டுபிடித்தேன். பழைய கம்ப்யூட்டர், அந்தக் கட்டத்தில் நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல டீச்சர், மெதுவா ஓடுது. காத்திருந்தா எல்லாம் முடியும்." காத்திருந்தோம். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். நானும் சுவரோரம் நின்று கையைக் கட்டிக்கொண்டேன். மின்விசிறி ஒருமுறை மங்கி, மறுபடி சுற்றியது. எல்லோரும் நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினோம். பன்னிரண்டு மணி. மூன்று முதல் ஏழு வரை ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை.

அப்போது பள்ளிக்கூட ப்யூன் ஓடிவந்தார். "அய்யா, ஆபீசர் ஜீப்பு பெட்ரோல் பங்க்குல நிக்குதாம். இங்கதான் வாராகளாம்."

"ரெண்டு மணின்னுதானே போட்டிருந்துச்சு?" என்றார் தலைமை ஆசிரியர். அவர் நெற்றியில் விபூதி கரைந்துகொண்டிருந்தது. "முந்துன ஸ்கூல்ல சீக்கிரம் முடிச்சிட்டாரு போல. சார், நீங்க ஒண்ணும் யோசிக்காதிய. மிச்ச அஞ்சுலயும் போய் அப்படியே உக்காந்து எந்திரிங்க. அம்புட்டுத்தான் வேணும்."

சொன்னால் சிரிப்பீர்கள். நான் மூன்றாம் நம்பர் நாற்காலியை இழுத்துவிட்டேன். அதுவரை இந்தத் தொழிலைப் பற்றிப் படித்த படிப்பெல்லாம் ஒரு ஜீப்பின் பெயரைக் கேட்டதும் கைராசியில் வந்து நின்றது.

"உக்காராதீங்க சார்" என்றார் டீச்சர்.

"ஏன்?"

"நீங்க உக்காந்தா முடிஞ்சிரும்."

"அதுதானே நமக்கு வேணும்?"

"எதனால முடிஞ்சதுன்னு தெரியாமப் போயிரும். சாயந்தரம் நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருவீங்க. நாளைக்கு இதுல ஒண்ணு மக்கர் பண்ணுச்சுன்னா உங்க கைக்கு நான் எங்க சார் போறது?"

தலைமை ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு காலி மேஜையைக் காட்டினார்.

"இங்க உக்காருங்க. அங்க உக்காந்து என்ன யோசிச்சீங்களோ அதையே இப்ப யோசிங்க. ஏய் பிள்ளைகளா, சார் என்ன பண்றாருன்னு பாருங்க."

அதிகாரி எந்த நிமிஷமும் வரலாம். நான் ஒரு வெறும் மேஜை முன்னால் உட்கார்ந்து யோசித்துக் காட்டினேன். ஏழெட்டுப் பெண்கள் என்னை உற்றுப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் யோசித்ததே இல்லை.

"டீச்சர், சார் தாளம் போடுறாரு!" என்றது ஒரு பெண்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை மேஜைமேல் தவில் வாசித்துக்கொண்டிருந்தது.

"அங்கயும் போட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"எங்க?"

"கீபோர்டு மேல."

போட்டிருக்கிறேன். எங்கள் மாடியில் பதினோரு கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கிறேன். எனக்குத் தாளம். இன்னொருவனுக்கு மவுஸை மேஜையில் கோலம் போடுவதுபோல் சுற்றாமல் இருக்க முடியாது. மூன்றாமவன் வடை தின்ற கையால் ஏதாவது ஒரு விசையை நோண்டிக்கொண்டே இருப்பான். தொடாதீர்கள் என்று ஊருக்கு எழுதிய நாங்கள் ஒரு நாள்கூடத் தொடாமல் இருந்ததில்லை.

"அந்த மூணாம் நம்பர்ல எதையாச்சும் தட்டும்மா" என்றார் டீச்சர். அந்தப் பெண் முதலில் என் கையேட்டைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. "தட்டும்மா" என்றேன். பயந்துகொண்டே ஒரு விசையைத் தட்டியது. பிறகு இன்னொன்று, பிறகு பத்து விரலாலும். தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து ஆனது.

விஷயம் இதுதான். புதிய பதிப்பில் எங்கள் நிரலாளன் ஒரு வேலையைச் சேர்த்திருந்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணை அந்தக் கட்டத்தில் இன்ஸ்டாலர் உண்டாக்கும். கம்ப்யூட்டருக்குத் தானாக ஏறுக்குமாறாக எதையும் செய்ய வராது. அதற்கு மனிதர் வேண்டும். விசைகளைத் தட்டும்போது நடுவில் விழும் இடைவெளி, மவுஸ் போகும் கோணல் வழி, இவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் அந்த எண்ணைச் செய்யும். சேரும்வரை காத்திருக்கும். காத்திருக்கிறேன் என்று திரையில் ஒரு வார்த்தை சொல்லாது. எங்களிடம் அது ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை, ஆகையால் எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகளிடம் வந்த அன்றுதான் மாட்டிக்கொண்டது.

நாலாம் நம்பரிலிருந்து ஏழு வரை நாலு பெண்கள் பாய்ந்து உட்கார்ந்தார்கள். கையைக் கட்டியிருந்த காலைப்பொழுதுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் தட்டினார்கள். ஓர் ஓரத்தில் மவுஸ் மேஜையை விட்டு விழுந்து கம்பியில் தொங்கியது. அந்தச் சத்தத்தில் ஜீப் வந்து நின்றது எங்கள் காதில் விழவில்லை.

"என்னம்மா இது?" என்று வாசலில் ஒரு குரல்.

தலைமை ஆசிரியர் விறைத்துப்போனார். அதிகாரி ஒல்லியான மனிதர், கையில் ஒரு கோப்பு. அனுமதி கேட்கும் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் பெண்கள் கீபோர்டை மிளகாய் இடிப்பது போல் இடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் முன்னால் போனேன். டீச்சர் என்னை முந்திக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்கு ஒரு ரகசிய எண் வேணும் சார். யாரும் கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும். அதுக்குத்தான் மனசுக்கு வந்தபடி தட்டச் சொல்லியிருக்கேன்."

"முன்னாடியே தெரிஞ்சு செய்யிறீங்களா?"

"இல்ல சார். அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் கண்டுபிடிச்சோம்."

அதிகாரி உள்ளே நுழைந்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டராக வந்தார். நாலு முடிந்தது. ஆறு முடிந்தது. ஐந்தும் ஏழும் முடியும்வரை நின்று பார்த்தார். ஒரு பெண்ணை எழுதச் சொன்னார், ஒரு பெண்ணைப் படம் வரையச் சொன்னார். பிறகு எட்டாம் நம்பருக்கு வந்தார். அது நாற்பத்தெட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இதுக்கு என்ன?"

தலைமை ஆசிரியர் "கரண்ட் கொஞ்சம் டல்லா..." என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க" என்றேன். "இதுவும் மத்ததோட சேர்ந்து முடிஞ்சிருக்கும். டீச்சர் வேண்டாம்னாங்க. நான்தான் காரணம் தெரியாம அணைச்சிட்டு மறுபடி ஆரம்பிச்சேன்."

"நீங்க யாரு?"

"இதைச் சோதிச்சுப் பாத்து, நல்லா ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டவன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எட்டும் ஓடணும்னுதான் எனக்கு உத்தரவு. ஏழு ஓடுச்சுன்னு எழுதுனா ஃபைலு திரும்பி வந்துரும். இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம்."

கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டு வாரேன்" என்றார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் சாப்பிடவில்லை. கரண்ட் போகக்கூடாது என்று தலைமை ஆசிரியர் எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன நேர்ந்துகொண்டார் என்பது அவருக்கும் அந்தச் சாமிகளுக்கும்தான் தெரியும். அதிகாரி திரும்பி வந்தபோது எட்டாம் நம்பர் தொண்ணூற்று நாலில் வந்து நின்றிருந்தது. ஒரு பெண் தட்டுவதற்குக் கையைத் தூக்கியது. டீச்சர் அதைத் தடுத்துவிட்டு நாற்காலியை அதிகாரி பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே தட்டிப் பாருங்க சார். நாங்க ஏதோ ஏமாத்துறோம்னு தோணக் கூடாதில்ல."

அவர் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பிறகு பத்து விரலும் தனித்தனியாக ஓட, கீபோர்டைப் பார்க்காமல் தட்ட ஆரம்பித்தார். டைப்பிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவராம். ஒரு முழு சுற்றறிக்கையையே அடித்தார் என்று நினைக்கிறேன். திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை. கடைசியில் நூறு வந்தபோது அவர் முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். கோப்பைப் பிரித்து அங்கேயே எழுதினார்.

ஜூன் மாதம் அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடப்பிரிவு தொடங்கியது. நான் கையேட்டின் மூன்றாம் பக்கத்தை மாற்றினேன், நிரலாளன் திரையில் 'ஏதாவது விசைகளைத் தட்டுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தான். அதோடு விஷயம் முடிந்தது என்றிருந்தேன். டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"அடுத்த பதிப்ப உங்க மாடியில பாத்தது போதும் சார். இங்க கொண்டாங்க. எங்க பிள்ளைக பாக்கட்டும்."

கொண்டுபோனேன். பதினொன்றாவது வகுப்பு, இருபத்திரண்டு பெண்கள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டு மூன்று பேராகச் சிடியைப் போட்டார்கள். நான் மேஜைகளுக்கு நடுவே நடந்தபடி, யாராவது தயங்கினால் குனிந்து, "அதை இல்லம்மா, இதை" என்று உதவிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் டீச்சர் எல்லா நோட்டுகளிலிருந்தும் தொகுத்து ஒரு தாளை என் கையில் கொடுத்தார். மொத்தம் பதினான்கு பிழைகள். எங்கள் மாடியில் ஒரு வருஷம் முழுக்க நாங்கள் கண்டுபிடித்ததைவிட அதிகம். வேலையில் இருந்தவரை அந்தத் தாளை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன், முக்கியமாக அதன் முதல் வரிக்காக. நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'1. சோதிக்க வந்த சார் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் வெளியே போனால்தான் மற்றதைப் பார்க்க முடியும்.'